குருத்து உசுரோட இருக்கு

நான் முதன்முதலாகக் கத்தரி நட்ட அன்று நாற்றுகள் அவ்வளவு அழகாக இருந்தன. உயரமாக, வெளிர்பச்சையாக, ஒவ்வொரு இலையும் குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு மெத்தென்று. அந்த அழகுதான் கோளாறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

வாடிப்பட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தில், கிணற்றை ஒட்டிய பத்து சென்ட்டை மட்டும் காய்கறிக்கு ஒதுக்கியிருந்தேன். வேலை மதுரையில். வயலுக்குப் போவது சனி, ஞாயிறு, அப்புறம் கிடைக்கிற லீவு நாள். 2022 சித்திரையில் ஒரு நாற்றங்காலுக்குப் போய் எட்டுக் குழித்தட்டு வாங்கினேன். தட்டுக்கு 98 குழி, மொத்தம் 784 நாற்று. இருந்ததிலேயே உயரமான தட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியது நான்தான். லோடு ஆட்டோவின் திறந்த பின்பக்கத்தில் அடுக்கி, பதினொரு மணி வெயிலில், காற்று முகத்தில் அறைய வயலுக்குக் கொண்டுவந்தோம். வந்ததும் வராததுமாக நட ஆரம்பித்துவிட்டோம். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பச்சை. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. நட்ட செடி இரண்டு மூன்று நாள் மதியத்தில் வாடும், சாயங்காலம் நிமிரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் பாதிதான் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் குனிந்து ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தேன். நரம்புகளுக்கு நடுவே இருந்த சதை வெளுத்து, பழைய செய்தித்தாளை எண்ணெயில் நனைத்துக் காயவைத்த மாதிரி ஆகியிருந்தது. நரம்பு மட்டும் பச்சை. ஓரமெல்லாம் காப்பித்தூள் நிறம். விரலால் லேசாக அழுத்தினால் சரக்கென்று உடைந்தது. பூச்சி இல்லை, புழு இல்லை, புள்ளி இல்லை. வெயில் படும் மேல் இலைகள்தான் இப்படி. அவற்றின் நிழலில் மறைந்திருந்த கீழ் இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தாலே பாதிச் செடி பிழைத்திருக்கும். ஆனால் பயந்துவிட்டேன். இரண்டு நாள் லீவு போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓஸ் பிடித்துத் தண்ணீர் விட்டேன். மதிய வெயிலில் கிடந்த கறுப்பு ஓஸில் முதலில் வருவது வெந்நீர் என்பது கையில் பட்ட பிறகுதான் உறைத்தது. உரக்கடை ஒன்றில், "கொஞ்சம் யூரியா தூவுங்க, பச்சை திரும்பிரும்" என்றார்கள். தூவினேன். வேரே பிடிக்காத செடிக்கு உப்பைக் கொடுத்தால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச நீரும் வெளியே இழுபட்டுவிடும். ஒரு வாரம் கழித்து எண்ணியபோது இருநூற்றுச் சொச்சம் மிச்சம். அதிலும் பல, பிழைத்ததா செத்ததா என்று சொல்ல முடியாத நிலை.

அவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு உழுதுவிடலாம் என்று நின்றபோதுதான் பக்கத்துத் தோட்டத்துக்குக் களை எடுக்க வந்த அப்பத்தா வரப்பில் வந்து நின்றார். சொந்தம் இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும். சின்ன வயதிலிருந்து சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களில் வேலை பார்த்தவர்.

"ஏப்பா, பச்சப்புள்ளயக் கொண்டாந்து பாறையில போட்ட மாதிரில்ல போட்டிருக்க" என்றார். பிறகு உட்கார்ந்து, கருகிய இலைகளை விலக்கி, நடுவிலிருந்த குருத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "குருத்து உசுரோட இருக்கு. புடுங்காத."

குருத்து பச்சையாக இருந்த செடிகளில் பத்துப் பதினைந்து நாளில் புது இலை வந்தது. வெயிலிலேயே பிறந்த அந்த இலைகள் சிறியவை, தடிப்பானவை, கரும்பச்சை. அதே சித்திரை வெயில்தான், அவற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதற்காக அவசரப்பட்டுக் கிள்ளவும் வேண்டாம். புது இலைக்கு அது இரண்டு நாள் நிழலாவது தரும்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். இலையின் மேல் விழும் வெளிச்சம் முழுவதையும் அது உணவாக மாற்ற முடியாது. மிச்சத்தை எப்படியாவது வெளியேற்றியாக வேண்டும். நாற்றங்காலில் நிழல்வலைக்குள் வளர்ந்த இலை மெல்லியது, மேலே மெழுகுப் பூச்சும் குறைவு, அவ்வளவு வெளிச்சத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. திடீரென்று முழு வெயில் விழுந்தால் உள்ளே இருக்கும் பச்சையமே வெந்து வெளுத்துவிடுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிடுங்கி நடும்போது நுனிவேர்கள் அறுந்துபோவதால் தண்ணீர் மேலே ஏறுவதில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நமக்கு வியர்வை நின்றுபோனால் என்ன ஆகுமோ அதுதான் இலைக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவது இதனால்தான். இது தெரியாமல்தான் நான் தண்ணீர் மேல் தண்ணீர் விட்டேன். இப்போதெல்லாம் செடி வாடினால் முதலில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது கணுவரை ஈரம் தட்டினால் ஓஸைத் தொடுவதில்லை.

சரி, நிழல்தானே பிரச்சினை, நிழல் கொடுத்துவிடுவோம் என்று அடுத்த வருடம் கிளம்பினேன். 2023 பங்குனியில் மிளகாய். கடையில் பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை வாங்கி, கம்பு நட்டு, செடிக்கு மேலே மூன்றடி உயரத்தில் இழுத்துக் கட்டினேன். ஒரு செடிகூடச் சாகவில்லை. ரொம்பப் பெருமை எனக்கு. அந்தப் பெருமையிலேயே வலையை இருபத்தைந்து நாள் விட்டுவைத்தேன்.

உள்ளே நடந்தது வேறு. வலை தாழ்வாக இருந்ததால் சூடு வெளியேற வழியில்லாமல் மதியத்தில் உள்ளே கை விட்டால் இட்லிப் பானை மாதிரி இருந்தது. வெளிச்சம் போதாமல் செடிகள் கணுவுக்குக் கணு நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்தன. ஞாயிற்றுக்கிழமை போனேன், இனி போதும் என்று ஒரே மூச்சில் வலையை அவிழ்த்துச் சுருட்டினேன். நேரம் மதியம் பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் சொன்னார்: "அண்ணே, உங்க மிளகா வெளுத்துப் போச்சு." அதே காகித வெளுப்பு. முதல் வருடம் நாற்றங்கால்காரரின் நிழலிலிருந்து தூக்கி வெயிலில் போட்டேன், இரண்டாம் வருடம் என்னுடைய நிழலிலிருந்து தூக்கிப் போட்டேன். நிழல் கொடுக்கத் தெரிந்த எனக்கு அதை எடுக்கத் தெரியவில்லை.

வலை வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்துநாள் கூடவே இருந்து கவனிக்க ஆள் இருந்தால் வலை நல்லதுதான். 35 சதவீத வலை போதும். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கட்டினால் காற்று ஓடும். நான்கு நாள் கழித்துக் காலையில் ஒன்பது மணிவரை திறந்துவிட வேண்டும், அடுத்தது பத்து, பதினொன்று என்று நீட்டிக்கொண்டே போய், கடைசியில் மேகம் போட்ட ஒரு நாளாகவோ பொழுது சாயும் நேரமாகவோ பார்த்து எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை வயலுக்கு வருகிற என்னை மாதிரி ஆளுக்கு இது ஆகாது.

எனக்கு ஆகும் வழியை அப்பத்தாதான் சொன்னார். அதைச் சொல்வதற்கு முன்னால் கொடிக்கால் கதையைச் சொன்னார். வெற்றிலைக் கொடியை யாரும் வெட்டவெளியில் நடுவதில்லை. முதலில் அகத்தி விதையை ஊன்றி, அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் கொடியைப் பதிப்பார்கள். நிழல் அதிகமானால் அகத்தியைக் கழித்துவிடுவார்கள். "நெழல வளத்துட்டுத்தான் கொடிய வப்போம். நீ கொடிய வச்சுட்டு நெழலத் தேடுற" என்றார். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அகத்தி வளர்க்க நேரமில்லையே என்றேன். கிணற்றடி வேம்பைக் காட்டினார்.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு முழம் நீள வேப்பங்குழையை இலையோடு ஒடித்து, நாற்றிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மேற்குப் பக்கம், செடியின் மேல் குடை சாய்ந்த மாதிரி குத்திவிட வேண்டும். நாற்றுக்கு ஒன்று. ஐந்நூறு நாற்றுக்கு இரண்டு பேர் ஒடித்துக் குத்த அரை நாள் ஆகும். அவ்வளவுதான். ஆனால் அதன் சூட்சுமம் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஒடித்த குழை முதல் இரண்டு மூன்று நாள் அடர்த்தியாக நிழல் தரும். செடிக்கு அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். அப்புறம் இலை வாடிச் சுருளும், நிழலில் ஓட்டை விழும். ஐந்தாறு நாளில் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பத்தாம் நாள் வெறும் குச்சி நிற்கும். அதற்குள் செடி புது வேர் விட்டிருக்கும். நான் வந்து எடுக்க வேண்டியதில்லை, நிழல் தன்னைத் தானே குறைத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய வலைக்கு இந்தப் புத்தி இல்லை.

வேம்புதான் வேண்டுமா என்றால், பனையோலைத் துண்டும் குத்தலாம், தென்னங்கீற்றும் குத்தலாம். ஆனால் அவை உதிராது, நாம்தான் நினைவு வைத்து எடுக்க வேண்டும். செம்பருத்திக் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு வராதீர்கள், மாவுப்பூச்சி கூடவே குடிவந்துவிடும். கரையான் அதிகமுள்ள மண்ணில் காய்ந்த குச்சியை நாள்கணக்கில் விட்டுவைப்பதும் நல்லதில்லை. எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை ஆடு. இலையைத் தின்ன வந்துவிட்டு, கூடவே நாற்றையும் மிதித்துவிட்டுப் போகும்.

மேற்குப் பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களில் செடிக்குத் தெற்கே பலகையோ துணியோ நிறுத்துவார்கள். நானும் அதைப் பார்த்து ஒரு வரிசைக்குத் தெற்கே சாக்கு கட்டிப் பார்த்தேன். நிழல் செடியின் பக்கமே வரவில்லை. சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து ஓடுகிற குளிர்நாட்டு ஏற்பாடு அது. மதுரையில் சித்திரை பிறக்கிற கையோடு நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வேளையில் அது நமக்கு வடக்கேதான் நிற்கும். அதனால் இங்கே கோடை நடவுக்கு மறைப்பு வேண்டியது தலைக்கு மேலும் மேற்கிலும்தான். காலை வெயில் செடிக்கு நல்லது, கிழக்கை மறைக்கவே கூடாது. பதினொன்று முதல் நான்கு மணிவரைதான் ஆபத்து. அதிலும் இரண்டு மணிக்கு மேல் மண்ணும் காற்றும் கொதித்துக்கிடக்கும் நேரத்தில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கிற வெயில்தான் நாற்றைக் கொல்கிறது. பாரை, அதாவது நடவுக்கு எழுப்பும் மண்மேட்டை, வடக்கு தெற்காகப் போட்டு, நாற்றை அதன் கிழக்குச் சரிவில் நட்டால் பின்மதியத்தில் பாரே கொஞ்சம் முதுகு கொடுக்கும்.

ஆடிப்பட்டத்தில் வெயில் குறைவுதானே, இதெல்லாம் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆடியில் வெயிலின் வேலையைக் காற்று செய்யும். மேற்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கிற வறண்ட காற்று இலையிலுள்ள நீரை உறிஞ்சுவதோடு, நாற்றை ஆட்டி ஆட்டி வேர் பிடிக்கவிடாமலும் செய்யும். மேற்கே குத்திய அதே குழை அதையும் தடுக்கும், என்ன, கொஞ்சம் ஆழமாகக் குத்த வேண்டும். இன்னொன்று, நட்டதும் நான்கு நாள் மேகமூட்டமாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வானம் வெளுத்தால் அன்றைக்குத்தான் கவனமாக இருக்க வேண்டும். மேகத்தை நம்பி நிழல் கொடுக்காமல் விட்ட ஒரு தட்டுத் தக்காளியை நான் அப்படித்தான் இழந்தேன்.

நாற்று வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இப்போது நான் உயரம் பார்ப்பதில்லை. குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக இருக்கும் தட்டையே எடுக்கிறேன். தக்காளி நாற்றின் தண்டில் லேசாக ஊதா ஓடியிருந்தால் அது வெயில் பார்த்த நாற்று என்று தைரியமாக வாங்கலாம். "வெயிலுக்குப் பழக்குனதா?" என்று கேட்டால் நல்ல நாற்றங்கால்காரர் பட்டென்று பதில் சொல்வார். கேட்ட கேள்வியே புரியாத மாதிரி பார்த்தால், தட்டோடு கொண்டுவந்து நாமே பழக்க வேண்டியதுதான். வேப்பமர நிழலின் ஓரத்தில் வைத்து, ஒரு வாரம் காலை வெயிலை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரை மட்டும் சற்றுக் குறைத்து. காயவிடக் கூடாது. குழித்தட்டிலுள்ள தென்னைநார்க் கழிவு ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றுகிற தண்ணீரை உள்ளே வாங்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும். நடுவதற்கு முன் தட்டையே தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை வைத்து எடுக்கிறேன். நட்ட பிறகு அந்த நார்க்கட்டி வெளியே தெரியாமல் அரை விரற்கடை மண் மூட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி வேர்ப்பகுதி ஈரத்தை இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். தக்காளியைக் கூடுதல் ஆழத்திலும் நடலாம், மண்ணுக்குள் போன தண்டும் வேர் விடும். மிளகாய் தட்டில் இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும்.

நடுவது நான்கு மணிக்கு மேல்தான். ஒரு இரவு முழுவதும் செடிக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். நட்டதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அப்புறம் மண்ணைப் பார்த்துத்தான். அலங்காநல்லூர்ப் பக்கம் போனால் கரும்புச்சோகை (காய்ந்த கரும்புத் தோகை) கிடைக்கும், அதைத் தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பரப்பினால் மண் கொதிக்காது. உரம் எதுவும் முதல் பத்து நாள் கிடையாது.

மண்ணை மூட மல்ச்சிங் ஷீட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். என் மச்சான் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஓட்டை போட்டுத் தக்காளி நட்டான். இலைக்கு நிழல் கொடுத்தும் செடிகள் அடியோடு சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் தண்டில் ஷீட் உரசிய இடத்தில் மட்டும் வெந்நீர் ஊற்றிய மாதிரி சுருங்கி ஒரு வளையம். ஷீட்டுக்கு அடியில் சூடேறிய காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வருகிறது, தண்டு அதன் வாசலில் நிற்கிறது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தில் ஒரு கை மண் போட்டு அமுக்கினால் போதும். அடுத்த தடவை அப்படித்தான் செய்தான், ஒன்றும் ஆகவில்லை.

மதுரையில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் இதே கதை வேறு மாதிரி. அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தளம் கீழிருந்து கொதிக்கும், மேற்குப் பார்த்த சுவர் இரவு எட்டு மணிவரை அனல் வீசும். கறுப்புப் பைகளை அந்தச் சுவரோரம்தான் வரிசையாக வைத்திருந்தாள். இடத்தை மாற்றி, பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து, பைகளை நெருக்கமாக ஒன்றுக்கொன்று நிழல் தருகிற மாதிரி கூட்டி வைத்தோம். மேலே மாமாவின் பழைய நாலு முழ வேட்டியைக் கட்டினோம். நைந்த வெள்ளைத் துணி, வெளிச்சமும் வரும், சுள்ளென்ற வெயிலும் இறங்காது. ஓஸைத் திறந்ததும் முதல் வாளித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து ஆறவைத்துவிடுவாள். "மத்தியானம் இலையில தண்ணி பட்டா துளி பூதக்கண்ணாடி மாதிரி எரிச்சிரும்டா" என்று அவள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வழவழப்பான இலையில் துளி அப்படி எரிப்பதில்லை என்று ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் சோதித்தே காட்டிவிட்டார்கள், துளியைத் தூக்கிப் பிடிக்கும் முடியுள்ள இலைகளில்தான் அதற்கு வாய்ப்பு உண்டாம். சொன்னேன். நம்பவில்லை. அவள் இன்னமும் சாயங்காலம்தான் தண்ணீர் விடுகிறாள், அதில் எனக்கு ஆட்சேபணையும் இல்லை.

போன பங்குனியில் ஐந்து தட்டு, 490 கத்தரி நட்டேன். பதினைந்தாம் நாள் எண்ணியபோது 471 நின்றது. போனவற்றில் ஏழு ஆடு மிதித்தது. அப்பத்தா இப்போது களைக்கு வருவதைக் குறைத்துவிட்டார், முட்டி வலி. ஆனாலும் நட்ட பத்தாம் நாள் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார். காய்ந்து நிற்கும் வேப்பங்குச்சிகளைப் பிடுங்கிக் கட்டினால் அவர் அடுப்புக்கு நாலு நாள் காணும்.